சனிக்கிழமை மாலை ஆறரை மணி: நம் சேகரகுருவுக்கும் கமிட்டியாருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேகரகுரு ஐயா அவர்களுக்கும், சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும்,

ஒரே குருவின் பொறுப்பிலுள்ள சபைகளான நம் சேகரத்தின் ஏப்ரல் மாதக் கமிட்டியில் நீங்கள் எடுத்த தீர்மானம் ஞாயிறு ஆராதனையின் முடிவில் அறிவிப்புகளோடு வாசிக்கப்பட்டது. ஜூன் முதல் வாரத்திலிருந்து சனிக்கிழமை மாலை வாலிபர் வேதபாட வகுப்பு கிடையாது. ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஹால் அந்த நேரத்தில் இசைக்குழுவின் பயிற்சிக்குக் கொடுக்கப்படும். வாலிபர் ஊழியத்துக்கு இந்த ஆண்டு ஒதுக்கிய பணம் முழுவதும் செப்டம்பரில் நடக்கும் இரண்டு நாள் வாலிபர் விழாவுக்குப் போகும். கல்யாண ஓலை வாசித்ததற்கும், சபை விருந்தான அசனத்துக்கு அரிசி கொடுத்தவர்கள் பெயரை வாசித்ததற்கும் நடுவில் இது வந்துபோனது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பதினாறு வயதுப் பிள்ளை என் கையைப் பிடித்து, "அக்கா, நம்மளயா சொல்றாங்க?" என்று கேட்டாள்.

நம்மைத்தான் சொன்னார்கள். பதினான்கு வருஷமாக அந்த வகுப்பை நடத்தி வருகிறவள் நான். எனக்கும் அந்த நிமிஷத்தில்தான் தெரியும்.

ஐயாவைக் குருமனையில் இரண்டு முறை வந்து பார்த்தேன். செயலாளர் அண்ணாச்சியிடம் எழுத்தில் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த கூட்டம் நடந்து முடிந்தது; என் கடிதம் பேச்சுக்கே வரவில்லை. தீர்மானத்தைச் சபை நடுவில் வாசித்தீர்கள். அதனால் என் மறுப்பையும் சபை நடுவிலேயே வைக்கிறேன்.

நீங்கள் சொன்ன காரணம் எண்ணிக்கை. வாரத்துக்குப் பன்னிரண்டு, மிஞ்சினால் பதினேழு பிள்ளைகள் வருகிற வகுப்பு. விழாவுக்கோ நானூறு பேர் வந்தார்கள். இரண்டும் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நானூறு பேருக்கு அப்புறம் என்ன ஆனது என்று கமிட்டியில் யாராவது கேட்டீர்களா?

போன வருஷ விழாவில் இரண்டு ராத்திரியும் நான் இருந்தேன். பெண் பிள்ளைகளின் பெயர்ப் பதிவு என் பொறுப்பு. பாட்டு நன்றாக இருந்தது. தேவசெய்தி கொடுக்க வெளியூரிலிருந்து வந்தவர் உருக்கமாகப் பேசினார். கடைசியில் அழைப்பு கொடுத்தபோது பிள்ளைகள் அழுதுகொண்டே முன்னால் போனார்கள். அந்தக் கண்ணீர் பொய் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். முன்னால் போன ஒவ்வொருவரிடமும் ஓர் அட்டை கொடுத்தோம். பெயர், விலாசம், ஜெபக்குறிப்பு எழுதி வாங்கினோம்.

இந்த மார்ச் மாதம், பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைச் சபையில் அறிக்கையிட ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பின் பழைய பதிவேட்டைத் தேடி, ஆலயத்தின் வெஸ்ட்ரி அறை அலமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டில் ஜவுளிக்கடைப் பை ஒன்று இருந்தது. உள்ளே அந்த அட்டைகள், போட்ட ரப்பர் பேண்டோடு அப்படியே. ஆறு மாதமாக யாரும் பிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். நம் சபை விலாசம் எழுதியவை மட்டும் 47. அதில் ஒன்றில் இப்படி இருந்தது: "எங்க அப்பா குடிக்காம இருக்க ஜெபம் பண்ணுங்க. வீட்டுக்கு யாராவது வந்தா நல்லா இருக்கும்." கீழே பெயர், வீட்டு எண், தெரு. ஆலய மணிச் சத்தம் தெளிவாகக் கேட்கிற தெரு அது. அந்தப் பையனுக்கு வயது பதினைந்து. ஆறு மாதமாக யாராவது வருவார்கள் என்று அவன் பார்த்திருப்பான்.

இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. பதிவு செய்தவள் நான்தான். அட்டைகள் எங்கே போயின என்று நானும் கேட்கவில்லை. அதை ஆண்டவரிடமும் அந்தப் பையனிடமும் அறிக்கையிட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தை நான் எழுதத் துணிந்ததற்கு அந்தப் பைதான் காரணம்.

விழா மேடையின் பின்னால் கட்டியிருந்த பெரிய ஃப்ளெக்ஸில் ஒரு வசனம் போட்டிருந்தோம். "உன் இளமையைக்குறித்து ஒருவனும் உன்னை அசட்டைபண்ணாதபடிக்கு, நீ வார்த்தையிலும், நடக்கையிலும், அன்பிலும், ஆவியிலும், விசுவாசத்திலும், கற்பிலும், விசுவாசிகளுக்கு மாதிரியாயிரு." 1 தீமோத்தேயு 4:12. தயவுசெய்து அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். "நான் வருமளவும் வாசிக்கிறதிலும் புத்திசொல்லுகிறதிலும் உபதேசிக்கிறதிலும் ஜாக்கிரதையாயிரு." பன்னிரண்டாம் வசனத்தை மேடையில் கட்டிவிட்டு, பதின்மூன்றாம் வசனம் சொல்கிற வேலையை நம் சபையில் நிறுத்தியிருக்கிறீர்கள். வாசிப்பதும் புத்தி சொல்வதும் உபதேசிப்பதும்தான் சனிக்கிழமை அந்த ஹாலில் நடந்துகொண்டிருந்தது.

உங்களில் பலர் அந்த வகுப்பை ஒருமுறைகூட வந்து பார்த்ததில்லை. அதனால் அங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். வேதத்தில் ஒரு புஸ்தகத்தை எடுத்தால் அதை முடிக்காமல் அடுத்ததற்குப் போவதில்லை. ஒரு பகுதியை ஆளுக்குக் கொஞ்சமாகச் சத்தமாய் வாசிப்போம். அப்புறம் மூன்று கேள்வி: இதில் என்ன எழுதியிருக்கிறது, எது புரியவில்லை, இந்த வாரம் நான் என்ன செய்ய வேண்டும். வாயைத் திறந்து கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் துண்டுச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். ஒரு டம்ளர் டீ, இரண்டு பிஸ்கட். ஒரு வருஷச் செலவு 7,200 ரூபாய். விழாவுக்கு நீங்கள் ஒதுக்கியது 1,85,000.

மாற்கு சுவிசேஷத்தின் பதினாறு அதிகாரங்களை முடிக்கப் பதினொரு மாதம் ஆனது. கெத்செமனே பகுதிக்கு வந்தபோது ஒரு பையன் 14-ம் அதிகாரத்தில் நிறுத்தினான். இயேசுவைப் பிடிக்கிற ராத்திரியில், துப்பட்டியை மட்டும் போர்த்திக்கொண்டு அவர் பின்னால் போன ஒரு வாலிபன். பிடிக்க வந்ததும் துப்பட்டியைப் போட்டுவிட்டு நிர்வாணமாய் ஓடிப்போகிறான். "அக்கா, இவன் யாரு? இதை எதுக்கு எழுதி வச்சிருக்காங்க?" அது மாற்குவே என்று சிலர் கருதுவதுண்டு, நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பயந்து ஓடினவனையும் பைபிள் விட்டுறல" என்றான்.

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் போனோம். யோவான் என்னும் மாற்கு, பவுலையும் பர்னபாவையும் பாதி வழியில் விட்டுத் திரும்பியது அப்போஸ்தலர் 13-ல் இருக்கிறது. அவனை மறுபடி கூட்டிப்போகலாமா என்பதில் அவர்கள் இரண்டு பேரும் கடுமையாக மோதிப் பிரிந்தது 15-ல் இருக்கிறது. பர்னபா அவனைச் சேர்த்துக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பல் ஏறினார். பல வருஷம் கழித்து, சிறையிலிருந்து பவுலே எழுதுகிறார்: "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்."

அந்தப் பையன் டிப்ளமா முடித்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனான். ஒரு வருஷத்துக்கு மேல் அவனிடமிருந்து சத்தமே இல்லை. ஊருக்கு வந்தாலும் ஆலயத்துக்கு வரவில்லை. சபையில் அவனைப் பற்றிப் பல பேச்சு. போன நவம்பரில் ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வந்தது. நலம் விசாரிக்கவில்லை. "அக்கா, மாற்குவைக் கூட்டிட்டு வான்னு பவுல் சொல்லுவாரே, அது எங்க வருது?" என்று மட்டும் கேட்டான். 2 தீமோத்தேயு 4:11 என்றேன். சரி என்று வைத்துவிட்டான். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அந்த ராத்திரியில் அவனுக்கு எந்த மேடையும் நினைவுக்கு வரவில்லை. நான்கு வருஷத்துக்கு முன் பதின்மூன்று பேர் உட்கார்ந்து வாசித்த ஒரு வசனம் நினைவுக்கு வந்தது.

"வாலிபன் தன் வழியை எதினால் சுத்தம்பண்ணுவான்? உமது வசனத்தின்படி தன்னைக் காத்துக்கொள்ளுகிறதினால்தானே" என்று 119-ம் சங்கீதம் கேள்வியும் கேட்டு, பதிலும் சொல்லிவிட்டது. நாம் எல்லோருக்கும் மனப்பாடமான வசனம்தான்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். போன ஆண்டு கலாத்தியர் நிருபம் படித்தோம். இரண்டாம் அதிகாரத்தில், யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகுகிறார். பவுல் எல்லோர் முன்னிலும் அவரை முகமுகமாய் எதிர்க்கிறார். அன்றைக்குச் சீட்டில் வந்த கேள்வி: "நம்ம சபைல தேர்தல் வந்தா மட்டும் ஏன் ஜாதி பார்த்து ஓட்டு கேக்காங்க? பேதுரு செஞ்சதும் இதும் ஒண்ணுதானா?" நான் அந்தச் சீட்டை மடித்து வைக்கவில்லை. ஆமாம், ஒன்றுதான் என்றேன். அந்த வாரமே, நான் பிள்ளைகளுக்குச் சபை அரசியல் சொல்லிக் கொடுப்பதாக ஒரு புகார் போனது எனக்குத் தெரியும். என்னிடம் நேரில் யாரும் கேட்கவில்லை. அந்தப் புகாருக்கும் ஏப்ரல் தீர்மானத்துக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்பதைக் கமிட்டி சபைக்குச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வேதத்தை வாசித்தால் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். பன்னிரண்டு வயதில் நம் ஆண்டவர் தேவாலயத்தில் போதகர் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் பேசுகிறதைக் கேட்கவும் அவர்களை வினாவவும் கண்டார்கள் என்று லூக்கா எழுதுகிறார். அந்தப் போதகர்கள் அவரை எழுப்பி அனுப்பிவிடவில்லை.

கமிட்டியில் 24 பேர் இருக்கிறீர்கள். உங்களில் இளையவருக்கு வயது 52. வாலிபரைப் பற்றித் தீர்மானித்த கூட்டத்தில் ஒரு வாலிபனோ வாலிபப் பெண்ணோ இல்லை. கிறிஸ்துமஸுக்கு சீரியல் பல்பு கட்ட, அசனத்துக்கு அண்டா தூக்க, கன்வென்ஷனுக்கு நாற்காலி அடுக்க அவர்களைத்தான் கூப்பிடுகிறோம். அவர்களும் சந்தோஷமாக வருகிறார்கள். ஆனால் ஆலோசனைக்கு அழைப்பதில்லை. நம் திருநெல்வேலிச் சபைகள் இப்படி இருந்ததில்லை. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, அதற்கு முன்நின்ற வெள்ளாளன்விளை வேதநாயகம் சாமுவேல் அசரியாவுக்கு வயது 28. ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராக வாலிபர் நடுவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றதும் அவரே. அவர் பெயரை மேடையில் பெருமையாகச் சொல்கிறோம். இன்றைக்கு இருபத்தெட்டு வயதில் ஒருவர் அப்படி ஒரு யோசனையோடு வந்தால், நம் சேகரத்தில் அவருக்கு உட்கார நாற்காலி கிடைக்குமா?

வாலிபர் வாலிபரோடு மட்டும் இருந்தால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. சாலொமோனின் மகன் ரெகொபெயாம் ராஜா முதியோரின் ஆலோசனையைத் தள்ளி, தன்னோடு வளர்ந்த வாலிபரிடம் மட்டும் கேட்டதில் ராஜ்யமே பிளந்தது. தீத்து இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். முதிர்வயதுள்ள ஆண்கள், முதிர்வயதுள்ள பெண்கள், பாலிய ஸ்திரீகள், பாலிய புருஷர் எல்லோரையும் பவுல் ஒரே இடத்தில் வைத்துப் பேசுகிறார். மூத்த பெண்கள் இளைய பெண்களுக்குப் படிப்பிக்க வேண்டும் என்கிறார். தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முதலில் இருந்தது. நம் சபையில் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் பாடுகிறார்கள், ஆனால் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது.

அலமாரியில் அட்டைகளைக் கண்டெடுத்த மறுநாள், நம் சபையிலுள்ள ஓய்வுபெற்ற அரசு பஸ் டிரைவர் ஒருவரிடம் போனேன். அவருக்கு வயது 71. ஒரு காலத்தில் ஒன்பது வருஷம் குடியில் கிடந்தவர் என்பது சபையில் மூத்தவர்களுக்குத் தெரியும். அண்ணாச்சி, ஒரு வீட்டுக்குப் போக வேண்டும், வருவீர்களா என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார். அந்தப் பையனின் அப்பா முதலில் முகம் கொடுக்கவில்லை. அண்ணாச்சி தன் கதையைச் சொன்னார்: சம்பள நாள்தோறும் சபைச் சகோதரர் ஒருவர் டிப்போ வாசலில் சைக்கிளோடு வந்து நின்று, சம்பளக் கவரோடு தன்னை வீடுவரை கொண்டுவிட்டதை. அந்தப் பையனின் அப்பாவுக்குக் கண் நிறைந்தது. குடி நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், இன்னும் நிற்கவில்லை. ஆனால் அண்ணாச்சி வாரத்துக்கு இரண்டு முறை அந்த வீட்டுக்குப் போகிறார். பையன் சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறான். அண்ணாச்சியும் வருகிறார். அவர் பேசும்போது எந்தப் பிள்ளையும் செல்போனைத் தொடுவதில்லை. ஜூன் முதல் அந்தப் பையனை எங்கே வரச் சொல்வது?

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விழாவின் இரண்டாம் நாள் ராத்திரி பத்தரைக்கு மேல், பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண் பிள்ளைகள் வேனில் வீடு திரும்பினார்கள். அந்த வேனில் பெரியவர் என்று ஒரு பெண்கூட இல்லை. ஒன்றும் நடக்கவில்லை, தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் நடக்காததை நம் ஏற்பாடு என்று எண்ணிவிடக் கூடாது. பாலியல் குற்றங்களிலிருந்து சிறுவரைப் பாதுகாக்க 2012-ல் வந்த போக்சோ சட்டத்தின்படி பதினெட்டு வயதுக்குட்பட்ட எல்லோரும் குழந்தைகள்தான். அவர்களுக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தும் காவல்துறையிடம் தெரிவிக்காமல் இருப்பதும் குற்றம். ஆலயம் என்பதால் நமக்கு விலக்கு இல்லை. சிறுவரை இடறப்பண்ணுகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டுவது நலம் என்று ஆண்டவர் சொன்ன இடத்தில், நாம் சட்டத்தைவிடக் கூடுதலாக அல்லவா கவனமாயிருக்க வேண்டும்?

என் வகுப்பிலும் குறை இருக்கிறது. அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் படிக்கிற பிள்ளைகள். ஒர்க்ஷாப்பிலும் ஜவுளிக்கடையிலும் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை ஆறரை மணி ஒத்துவராது. கடை அடைக்கவே ஒன்பதரை ஆகிவிடும். பதினான்கு வருஷத்தில் அவர்களுக்கென்று நான் ஒரு நேரம் கண்டுபிடிக்கவில்லை. கமிட்டி என்னிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். கேட்டிருந்தால் தலைகுனிந்து பதில் சொல்லியிருப்பேன். இசைக்குழு மேலும் எனக்குக் குறை கிடையாது. அதில் பாதிப் பேர் என் வகுப்புப் பிள்ளைகள். செவ்வாயும் வியாழனும் அந்த ஹால் பூட்டித்தான் கிடக்கிறது.

இனி என் கோரிக்கைகள்.

ஏப்ரல் தீர்மானத்தை ஜூனுக்கு முன்பே ஒரு கூட்டம் கூட்டி மறுபரிசீலனைக்கு எடுங்கள். அந்தக் கூட்டத்துக்கு வாலிபர் சங்கத்திலிருந்து இரண்டு ஆண் பிள்ளைகளையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் அழைத்து, அவர்கள் பேசி முடிக்கும்வரை கேளுங்கள். அடுத்த தேர்தலிலிருந்து முப்பது வயதுக்குட்பட்ட இரண்டு பேருக்காவது கமிட்டியில் இடம் வேண்டும். அதற்கான பரிந்துரையை இந்த ஆண்டே மேலே அனுப்புங்கள்.

விழாவை நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு நாளை ஒரு நாளாக்கி, மிச்சமாகும் பணத்தில் வாரவகுப்புக்கும், வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஞாயிறு மதியம் தனி வகுப்புக்கும் ஒதுக்குங்கள். விழாவில் அட்டை வாங்கினால், முப்பது நாளுக்குள் யார் யார் வீட்டுக்குப் போவது என்று பெயர் குறித்த பட்டியல் தயாரான பிறகே வாங்க வேண்டும். பழைய அட்டைகளில் இன்னும் 29 வீடு பாக்கி இருக்கிறது. கமிட்டி அங்கத்தினர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்தாலும் பெரும்பகுதி முடிந்துவிடும். பட்டியல் என்னிடம் இருக்கிறது.

திடப்படுத்தல் பெறுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் சபையில் விசுவாசத்தில் தேறின ஒரு பெரியவரை ஒரு வருஷத்துக்கு ஒப்படையுங்கள்: பெண் பிள்ளைக்குப் பெண், ஆண் பிள்ளைக்கு ஆண். மாதம் ஒருமுறை பெற்றோருக்குத் தெரிந்து, திறந்த இடத்தில் சந்தித்து, சேர்ந்து வேதம் வாசித்து ஜெபிக்கட்டும். அந்தப் பெற்றோரையும் கூட்டிப் பேசுங்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் வழியில் நடக்கிறபோதும் பிள்ளைகளிடம் பேசு என்று உபாகமம் சொன்னது முதலில் அவர்களுக்குத்தான்.

பிள்ளைகள் கூடுகிற எந்த இடத்திலும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், வண்டியில் ஒரு பெண் பொறுப்பாளர் வர வேண்டும், புகார் வந்தால் யாரிடம் சொல்வது என்று பெயரும் எண்ணும் ஆலய வாசலில் இருக்க வேண்டும். இதைத் தீர்மானமாக எழுதிச் சபையில் வாசியுங்கள்.

ஜூன் முதல் சனிக்கிழமை நாங்கள் வருவோம். யாக்கோபு நிருபம் தொடங்குகிறோம். உங்களில் யாராவது ஒருவர் வந்து எங்களோடு உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஹால் சாவியை மாலை ஆறு மணிக்குள் உபதேசியாரிடம் கொடுத்துவையுங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
வாலிபர் வேதபாட வகுப்பு ஆசிரியை